பெண் நாயகி உள்ள அறிவியல் புனைவு: நிலாவா, ஜீனோவா?

தேக்கா வாசகன்: பதினைந்து வயது மகளுக்குப் பெண் நாயகி உள்ள அறிவியல் புனைவு வேண்டும் என்று ஒரு தாய் கேட்டார். அதற்கு ஒருவர், "தமிழில் அப்படி எதுவும் கிடையாது, அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரைப் படிக்கச் சொல்லுங்கள்" என்கிறார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்ன சமையல் குறிப்பா? அதில் நிலா யாராம்?

புங்கோல் பூங்குழலி: எழுதியது நான்தான். "ஒருவர்" என்று மறைத்துப் பேச வேண்டாம். கணவன் சிபி காணாமல் போகிறான், நிலா தவிக்கிறாள். மூளை முழுவதும் ஜீனோவிடம். அது நாய், அதுவும் இயந்திர நாய். பட்லரின் 'கிண்ட்ரெட்' நாவலில் டேனா 1976இலிருந்து அடிமைக் காலத்துக்கு இழுக்கப்படுகிறாள். அவளுக்கு எந்த நாயும் யோசனை சொல்லவில்லை.

தேக்கா வாசகன்: முடிவில் ஆட்சிப் பீடத்தில் அமர்வது நிலாவா, நாயா?

புங்கோல் பூங்குழலி: பொம்மையாக உட்கார வைக்கிறார்கள். அதற்குப் பெயர் நாயகியா?

பழைய விகடன்: தொடராக வந்தபோதே வாரா வாரம் கிழித்துத் தைத்து வைத்தவன் சொல்கிறேன். தலைப்பில் உள்ள இயந்திரம் ஜீனோ. இரண்டாம் பாகம் 'மீண்டும் ஜீனோ'. 'மீண்டும் நிலா' அல்ல. நாயகன் ஜீனோ. தீர்ந்தது.

ஜூரோங் மாமி: பிள்ளைக்குப் புத்தகம் கேட்டால் நாய்க்குப் பட்டம் சூட்டுகிறீர்களே! நெடி ஓகோராஃபோரின் 'பிந்தி' கொடுங்கள். 2015இல் வந்த குறுநாவல். வேற்றுக் கோளில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, வீட்டில் சொல்லாமல் கிளம்பும் பெண். இன்னும் பழையது வேண்டுமா? ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு'. பெண்கள் சூரிய ஆற்றலைக் கொண்டு நாட்டை ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். 1905இல் நம் சென்னைப் பத்திரிகையில்தான் அச்சேறியது.

பழைய விகடன்: சென்னையில் அச்சானதா? அப்படியானால் நம்முடையதுதான். பூங்குழலி, தமிழில் இல்லை என்றீர்களே!

புங்கோல் பூங்குழலி: வங்காளப் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதியது ஐயா. அச்சுக்கூடம் இருந்த ஊரை வைத்தா உரிமை கொண்டாடுவது?

பழைய விகடன்: ஆங்கிலம் படித்தவர்களுக்கு எல்லாவற்றிலும் குறை. ஜீனோ புத்தகம் படிக்கும், வாதாடும். நிலா அதைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். நாயகன் ஜீனோ.

தேக்கா வாசகன்: ஐயா, நீங்கள் எந்தப் பக்கம்? என் பக்கம் நிற்பதாக நினைத்தேன்.

பழைய விகடன்: நான் ஜீனோ பக்கம். அது இருக்கட்டும், என்னிடம் வாங்கிப் போன 'மீண்டும் ஜீனோ' எங்கே தம்பி?

தேக்கா வாசகன்: சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் உங்கள் கையில் கொடுத்தேன். தோசை வந்ததும் புத்தகத்தை மறந்திருப்பீர்கள்.

பழைய விகடன்: தோசையை மறப்பேன், ஜீனோவை மறக்க மாட்டேன்.

ஜூரோங் மாமி: விக்டோரியா தெரு நூலகத்தில் தமிழ் நூல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இருவரும் போய்த் தேடுங்கள், எங்களுக்கும் நிம்மதி.

புங்கோல் பூங்குழலி: போகும்போது நிலா தானாக எடுத்த ஒரு முடிவையாவது பக்க எண்ணோடு குறித்து வாருங்கள்.

தேக்கா வாசகன்: போன வருடம் நான் பரிந்துரைத்த பட்டியலையும் இப்படித்தான் குதறினீர்கள். படித்துவிட்டா பேசினீர்கள்?

புங்கோல் பூங்குழலி: அந்தப் பட்டியலில் பாதி பேய்க் கதை.

பழைய விகடன்: பேய்க் கதையிலும் நாய் உண்டு. கிழித்துத் தைத்தது இன்னும் அலமாரியில் இருக்கிறது, வேண்டியவர் வந்து பார்க்கலாம். இரவல் கிடையாது. நாயகன் ஜீனோ.