கீழக்கரை மாடியில் ராஸ்பெரி: இலை கருகுகிறது, பூவே இல்லை

கேள்வி – கீழக்கரை

வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. போன வருடம் காக்கா (அண்ணன்) வாங்கிக் கொடுத்த இரண்டு ராஸ்பெரிக் கன்றுகளை மாடியில் சிமெண்ட் தொட்டியில் வைத்தேன். கடற்கரை மணலும் தொழுவுரமும் பாதிக்குப் பாதி. ஊற்றுவது வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர். சோப்பு நுரைக்காத தண்ணீர்.

டிசம்பரில் நன்றாகத் துளிர்த்தது. மார்ச்சில் அடி இலைகளின் ஓரம் காபித்தூள் நிறத்தில் கருகத் தொடங்கியது. நுனி இலைகளோ மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. உரக்கடையில் கொடுத்த பூஞ்சைக்கொல்லியை இரண்டு முறை தெளித்தேன், காசுதான் போனது. மகள் தினமும் காலையில் பழம் வந்துவிட்டதா என்று ஏறிப் பார்க்கிறாள். என்ன நோய் இது?

பதில் – உச்சிப்புளி

மருந்தை நிறுத்துங்கள் சகோதரி, இது நோயே இல்லை. அடி இலை ஓரம் கருகுவது உப்பு. ராஸ்பெரி உப்பைத் தாங்காத செடி. ஐப்பசி, கார்த்திகை மழை தொட்டியைக் கழுவிவிட்டதால்தான் டிசம்பரில் துளிர்த்தது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, பாருங்கள்.

நுனி மஞ்சள் வேறு கதை. நம் கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும், அது சுண்ணாம்பு. போதாததற்குச் சிமெண்ட் தொட்டி வேறு! சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. ஒரு பிடி மணலில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் சந்தேகமே வேண்டாம். உடனடி நிவாரணத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம். ஆனால் மண்ணையும் தண்ணீரையும் மாற்றாமல் தெளித்துக்கொண்டே இருப்பது வீண்.

பதில் – கொடைக்கானல்

இலையைத் தேற்றிவிடலாம், பூவுக்கு வழி சொல்வது கடினம். வழக்கமான ரகங்களில் முதல் ஆண்டு எழும் தண்டு இரண்டாம் ஆண்டில்தான் காய்க்கும். நடுவில் 7 டிகிரிக்குக் கீழே குறைந்தது 800 மணி நேரக் குளிர் வேண்டும். முதல் ஆண்டுத் தண்டிலேயே காய்க்கும் ‘ஹெரிடேஜ்’ போன்ற ரகங்களும் உண்டு, ஆனால் உங்கள் ஊர் வெயில் அவற்றுக்கும் ஆகாது. எங்கள் மலையில் வேலியோரம் தானாகவே வளரும் கறுப்புப் பழ முள்செடி இதன் உறவுதான். அதுவும் குளிருக்குப் பழகியது.

கேள்வி – கீழக்கரை

மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியை இரவில் தொட்டியில் வைக்கலாமே என்கிறார் உம்மா. சிரிக்காதீர்கள், நானும் யோசித்தேன்.

பதில் – கொடைக்கானல்

சிரிக்கவில்லை. ஆனால் குளிர வேண்டியது தண்டிலுள்ள மொட்டுகள், வேர் இல்லை. 800 மணி என்றால் இரவும் பகலுமாக 33 நாள். ஐஸ் வண்டிதான் மாடிக்கு வர வேண்டும்.

பதில் – உச்சிப்புளி

பழம்தான் வேண்டுமென்றால் முசுக்கொட்டை வையுங்கள்; மல்பெரி என்றும் சொல்வார்கள். பார்வைக்கு ராஸ்பெரியின் தம்பி மாதிரி இருக்கும். பென்சில் கனத்தில் நாலு கணு உள்ள குச்சி போதும். மண் தொட்டி, செம்மண், நல்ல தண்ணீர். வளர்ந்தபின் கிளை நுனியை வெட்டி இலைகளை உருவிவிட்டால், புதுத் துளிரோடு பிஞ்சும் வரும். நல்ல தண்ணீருக்கு வழியில்லையென்றால் களாக்காய். கடற்காற்றைப் பொருட்படுத்தாது, முள் மட்டும் பொல்லாதது.

கீழக்கரை

வினிகர் விட்டதும் மணல் சோடாவைப் போல நுரைத்தது. தொட்டி விளிம்பு வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்பேதான். ஒரு ராஸ்பெரியை மட்டும் செம்மண்ணுக்கு மாற்றி நிழலில் வைத்திருக்கிறேன். குடத்துத் தண்ணீரில் தினம் ஒரு செம்பு அதற்கு. இன்னொன்று போய்விட்டது. பக்கத்துத் தெருவில் முசுக்கொட்டைக் குச்சி மூன்று கிடைத்தது, ஊன்றியாயிற்று. மகள் இப்போது அதைப் பார்க்க ஏறுகிறாள். குச்சியைப் பிடுங்கி வேர் வந்துவிட்டதா என்று பார்க்கிறாள், அதற்கு மருந்து இருந்தால் சொல்லுங்கள்.