பாதாள ராணி எரேஷ்கிகல் கொடியவளா?

மேகலை:
பழைய மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய இராக்) சுமேரியக் கதைகளில் வரும் பாதாள ராணி எரேஷ்கிகலைப் பலரும் அரக்கியாகவே எழுதுகிறார்கள். அவள் தங்கை, காதலுக்கும் போருக்கும் தெய்வமான இனன்னா கீழுலகம் போன கதையை முழுசாகப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழைக்காமல் போனவள் இனன்னாதான். ஏழு வாசலிலும் ஒவ்வொரு நகையாக, உடையாகக் கழற்ற வைத்தது பாதாளத்தின் சட்டம். அதை எதிர்த்து வாய் திறக்கக் கூடாது என்றுதான் காவலாளியும் சொல்கிறான்.

கரிசல்:
சட்டம் இருக்கட்டும் மேகலை. அக்காள் புருஷன் குகலன்னா செத்ததற்குத் துக்கம் கேட்க வந்தேன் என்கிறாள். கூடப்பிறந்தவளைக் கொன்று பிணத்தைக் கொக்கியில் தொங்கவிடுவதா?

மேகலை:
துக்க வீட்டுக்கு யாராவது கிரீடமும் மார்புக்கவசமுமாகப் போவார்களா அண்ணா? உள்ளே போனதும் அக்காளை எழுப்பிவிட்டு அரியணையில் தானே உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் பாதாள நீதிபதிகளான ஏழு அனுன்னாக்களும் தீர்ப்புச் சொன்னார்கள். திரும்பாவிட்டால் எந்தெந்தக் கடவுளிடம் போய் அழ வேண்டும் என்று தோழி நின்ஷுபுரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஆபத்து தெரிந்தே போயிருக்கிறாள்.

ஆதிரை:
எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். இனன்னாவை மீட்க, ஞானக் கடவுள் என்கி தன் நக அழுக்கிலிருந்து இரண்டு உயிர்களைச் செய்து அனுப்புகிறார். எரேஷ்கிகல் பிரசவ வலியில் கிடப்பவள் மாதிரி முனகிக்கொண்டிருக்கிறாள். அவள் ‘ஐயோ’ என்றால் அவையும் கூடவே ‘ஐயோ’ என்கின்றன. அவ்வளவுதான், நிறைந்த ஆற்றையும் விளைந்த வயலையும் தருகிறேன் என்கிறாள்! அவளுடைய வலியை அதுவரை கேட்க ஆளே இல்லை. கடைசியில் பிணத்தைக் கேட்டபோதும் கொடுத்துவிட்டாள்.

கரிசல்:
கொடுத்தாலும் சும்மா விட்டார்களா? பதிலுக்கு ஓர் உயிர் வேண்டுமென்று கல்லா பேய்கள், உயிர்பெற்றுத் திரும்பிய இனன்னாவின் பின்னாலேயே வந்தன. சாப்பாடு, தண்ணீர், லஞ்சம் எதற்கும் மசியாத கூட்டம். துமுசி மாட்டினான், அவனுக்காக அவன் சகோதரி கெஷ்டினன்னாவும் பாதி வருஷம் கீழே போக வேண்டியதாயிற்று.

மேகலை:
துமுசியைக் கைகாட்டியது அவன் மனைவி இனன்னா. தனக்காகத் துக்கம் காக்காமல் நல்ல உடை உடுத்தி உட்கார்ந்திருந்தான் என்ற கோபம். அதில் எரேஷ்கிகலுக்கு என்ன பங்கு?

கரிசல்:
சரி, அப்புறம் வந்த அக்காடிய வடிவத்தைப் பாருங்கள். அதில் அமைச்சன் நம்தாரைக் கூப்பிட்டு, தங்கை மேல் அறுபது நோய்களை ஏவச் சொல்கிறாளே!

ஆதிரை:
அதே வடிவத்தில்தான் இஷ்தார் (இனன்னாவின் அக்காடியப் பெயர்) கதவை உடைப்பேன், செத்தவர்களை எழுப்பி உயிரோடு இருப்பவர்களைத் தின்னவைப்பேன் என்று மிரட்டுகிறாள். மண்ணைத் தின்று கலங்கல் தண்ணீர் குடிக்கும் எரேஷ்கிகலோ, மனைவியை விட்டுவந்த வாலிபர்களுக்காகவும் காலத்துக்கு முன்பே வந்த குழந்தைக்காகவும் அழுவதைப் பற்றிப் பேசுகிறாள்.

கரிசல்:
அழட்டும். ஆனால் அந்த உத்தரவு அவள் வாயிலிருந்துதானே வந்தது? யாரும் அவளை வற்புறுத்தவில்லை. என் கணக்கில் அவள் கொடியவள்தான்.