ஓய்வுநேர ஆய்வுச் சங்கத்துல யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்துச் சுவர்ல சாயங்காலமானா வந்து உக்கார்ற பொம்பளைங்க என்ன பேசுறாங்க, வீட்டு வேலையை எப்ப முடிச்சுட்டு வர்றாங்க, இதுதான் என் பிஎச்டி. "சும்மா உக்கார்றதுக்குமாடி பட்டம் குடுக்குறாய்ங்க?"ன்னு அப்பத்தா கேக்குது.

பிரிட்டன்ல 1975லயே ஓய்வுநேரத்தை மக்கள் எப்படிக் கழிக்கிறாங்கன்னு ஆராயுறதுக்குன்னே லெஷர் ஸ்டடீஸ் அசோசியேஷன்னு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. 1982லருந்து ஆய்விதழும் வருது. அவங்க மாநாட்டுல கட்டுரை வாசிக்கணும்னு ஆசை. ஆய்வுச்சுருக்கத்தை ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சாச்சு.

அங்கயோ, இது மாதிரி வேற சங்கத்துலயோ யாராச்சும் கட்டுரை குடுத்திருக்கீங்களா? மாணவர்களுக்குச் சந்தாவுல சலுகை உண்டா? இங்கருந்தே ஆன்லைன்ல வாசிக்க விடுவாங்களா? உங்க பழைய சுருக்கம் ஒண்ணு காட்டினாக்கூடப் போதும். நேர்ல பேசலாம்னா தெப்பக்குளத்துக்கே வாங்க, பருத்திப்பால் என் செலவு.