சாயப்பட்டறை பில்லில் "கூலி அளவுக்கே பொறுப்பு" என்ற வரி: துணி பாழானால் அது எவ்வளவு தூரம் நிற்கும்?

நொய்யல்கரை:
திருப்பூர் சாயப்பட்டறை பில்லுகள் பலவற்றின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். "துணி சேதமானால் அந்த லாட்டின் கூலி அளவுக்கே பொறுப்பு. கட்டிங் போட்ட துணிக்கு கிளெய்ம் கிடையாது." முதல் வரி கோர்ட்டில் நிற்காது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்க. 500 கிலோ லாட் (சேர்த்துச் சாயம் போடும் துணித் தொகுதி), கிரே துணி (சாயம் போடாத துணி) கிலோ 320 ரூபாய், சாயக்கூலி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணி மொத்தமும் பாழானாலும் பட்டறை தருவது 50,000. துணி கொடுத்த பனியன் கம்பெனிக்குத் துணியில் மட்டும் போனது 1,60,000.

1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவுப்படி இது ஒப்படைப்பு, அதாவது வேலை முடிந்ததும் திரும்பத் தரவேண்டிய பொருளை இன்னொருவரிடம் கொடுப்பது. விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கவனம் வேண்டும் என்கிறது 151. அதில் விதிவிலக்கே கிடையாது. "தனி ஒப்பந்தம் இல்லாதபோது" என்ற சொற்கள் 152இல்தான் வருகின்றன. அந்தக் கவனம் காட்டியவருக்குப் பொறுப்பில்லை என்று சொல்கிற பிரிவு அது. தனி ஒப்பந்தம் போட்டுப் பொறுப்பைக் கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். குறைக்க அது இடம் தரவில்லை. லில்லி ஒயிட் வழக்கில் சலவைக்குப் போட்ட புதுச்சேலை தொலைந்தது, ரசீதில் பாதி விலைதான் தருவோம் என்று அச்சிட்டிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது என்று தள்ளிவிட்டது.

சாயத்தொட்டி:
சேலைத் தீர்ப்பை இங்க கொண்டாராதீங்க அண்ணா. லாண்டரிக்குப் போறவரு வீட்டு உபயோகத்துக்குப் போறவரு. இங்க ரெண்டு பக்கமும் யாவாரம். 1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்குல அநியாய நிபந்தனை செல்லாதுன்னு சொன்ன உச்ச நீதிமன்றமே, ரெண்டு பேரும் வியாபாரிகளா இருந்து செய்யற வணிக ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாதுன்னும் சொல்லியிருக்குது. 1996 பாரதி நிட்டிங் வழக்கையும் படிங்க. கூரியர்ல அனுப்பின ஏற்றுமதி ஆவணம் போய்ச் சேரலை, நஷ்டம் லட்சக்கணக்குல. சீட்டுல 100 டாலர் வரைதான்னு இருந்ததால 100 டாலரோட முடிஞ்சுது.

வரி எதுக்குப் போட்டாங்கன்னும் பாருங்க. 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதுக்கப்புறம் ஜீரோ டிஸ்சார்ஜ் (சாயக்கழிவுத் தண்ணியை வெளியே விடாம சுத்தம் பண்றது) செலவு கூலிக்குள்ள வந்து உக்காந்துக்குச்சு. 100 ரூபாய் கூலியில சாயம், உப்பு, ஸ்டீம், தண்ணி சுத்திகரிப்பு எல்லாம் போக நிக்கறது சொற்பம். அதை வெச்சு 320 ரூபாய்த் துணிக்கும், அதுக்கு மேல லேட்டான சரக்கை பையருக்கு விமானத்துல அனுப்பற ஏர் பிரைட்டுக்கும் ஜாமீன் நிக்கச் சொன்னா எந்தப் பட்டறை ஓடும்? பழுதும் பாதி எங்க கையில இல்லீங்க. ரெண்டு நூல் லாட்டை ஒரே ரோல்ல ஓட்டியிருந்தா சாயம் ஏறினப்புறந்தான் குறுக்குப் பட்டை தெரியும். நெடுக்க ஒரே கோடா வந்தா அது ஊசிக்கோடு, நிட்டிங்ல வந்தது.

ஊத்துக்குளி ரோடு:
இருவரும் ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். வரி நியாயமா என்று பார்க்குமுன், அது ஒப்பந்தத்துக்குள் வந்ததா என்று பார்க்க வேண்டும். பாரதி நிட்டிங் வழக்கில் நிபந்தனை இருந்த சீட்டு, உறையை ஒப்படைக்கும்போதே அனுப்புநர் கையெழுத்திட்டது. சாயப்பட்டறை பில்லோ துணி சாயமேறித் திரும்பும்போது வருகிறது. டிசியும் (துணியோடு போகும் டெலிவரி சலான்) கலர் புரோகிராமும் (என்ன நிறம் வேண்டும் என்று எழுதிய தாள்) கொடுத்துத் துணியை இறக்கிய அன்றே ஒப்பந்தம் உருவாகிவிட்டது. பிறகு வரும் தாளில் புது நிபந்தனை சேர்க்க முடியாது.

வருஷக்கணக்காக அதே பில்லை வாங்கிப் பணம் கொடுத்து வந்த கம்பெனி "எனக்குத் தெரியாது" என்று சொல்வது கடினம் என்பதும் உண்மை. ஆகவே புது வாடிக்கையாளருக்கு எதிராக அந்த வரி பலவீனம், பழையவருக்கு எதிராக ஓரளவு பலம். 151இன் கவனத்தை ஒப்பந்தத்தால் குறைக்கலாமா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசியதில்லை. அதை மட்டும் நம்பி, நொய்யல்கரை, வழக்குப் போடாதீர்கள்.

நிரூபிக்கும் சுமைதான் வழக்கைத் தீர்மானிக்கும். துணி நல்லபடியாகப் போய்ப் பாழாகித் திரும்பியது என்று கம்பெனி காட்டினால் போதும். கவனமாகத்தான் செய்தேன் என்று காட்டுவது பட்டறையின் வேலை. தனக்கு மட்டுமே தெரிந்ததைத் தானே நிரூபிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 106, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 109.

சாயத்தொட்டி:
"நல்லபடியாகப் போய்" என்ற அந்த ரெண்டு சொல்லை யார் காட்டறது? பிரிச்சுப் பார்க்காத ரோலை எடை போட்டு இறக்கிட்டுப் போறாங்க.

நொய்யல்கரை:
நியாயமான கேள்வி. ஆனா துணியே சாட்சி சொல்லும். ஊசி ஒடிஞ்ச ஓட்டைன்னா லூப் அறுந்து ஏணி மாதிரி இறங்கியிருக்கும். பிளீச்சிங்கில் வந்த ஓட்டை வேற மாதிரி. துணியிலோ மெஷின்லயோ இரும்புத்துரு இருந்தா, அது பட்ட இடத்தில் பிளீச்சிங்குக்குப் போடற பெராக்சைடு ஒரேயடியாகச் சிதைஞ்சு நூலைத் தின்னுடும். பொட்டுப் பொட்டாக ஓட்டை, ஓரத்தைத் தொட்டால் உதிரும். வெள்ளை, வெளிர் நிறத் துணியில் நீர்த்த அமிலத்தோட பொட்டாசியம் பெர்ரோசயனைடு ஒரு சொட்டு விட்டால் இரும்பு நீலமாகத் தெரியும். தெரியாவிட்டால் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை, கழுவலில் போயிருக்கலாம். அப்போ அதே ரோலின் நல்ல பகுதி, பாழான பகுதி, எடுத்துவைத்த கிரே துண்டு மூன்றையும் கோவை சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் (துணி கிழியாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று) பார்க்கலாம். கிரே துண்டு எடுத்துவைக்காத கம்பெனி பாதி வழக்கை அன்னைக்கே விட்டுடுது.

திட்டுத் திட்டாகச் சாயம் பிடிச்சிருந்தால் பேட்ச் கார்டை (அந்த லாட்டுக்கு என்னென்ன செய்தோம் என்று பட்டறை எழுதிவைக்கும் அட்டை) கேளுங்க. பிளீச் முடிஞ்சு பெராக்சைடு முழுசும் போகலைன்னா அது ரியாக்டிவ் சாயத்தைக் கெடுக்கும். அதைப் போக்க என்சைம் போட்டாங்களா, மிச்சம் இருக்கான்னு ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்தாங்களா என்று கார்டில் இருக்கணும். அந்தக் கட்டம் காலியாக இருந்தா 151க்கு என்ன பதில்?

பெருந்துறை:
இரண்டாவது வரியை யாருமே தொடலையே. "கட்டிங் போட்ட பின் கிடையாது" என்பது கண்ணுக்குத் தெரிகிற பழுதுக்கு நியாயம். ஷேட், ஓட்டை, கறை எல்லாம் விரித்துப் பார்த்தாலே தெரியும். சுருக்கமும் வாஷிங் பாஸ்ட்னஸும் (சாயம் போகாமல் நிற்பது) துவைத்தால்தானே தெரியும்? அதுக்கும் இந்த வரியைக் காட்டினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. அதேசமயம் 500 கிலோவையும் வெட்டிவிட்டு வந்து நிற்கிற கம்பெனி, குறைத்திருக்கக்கூடிய நஷ்டத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் கேட்க முடியாது. ஏர் பிரைட்டும் அப்படித்தான். ஷிப்மென்ட் தேதியைப் புரோகிராம் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால்தான் அந்த நஷ்டம் பட்டறைக்கு முன்கூட்டியே தெரிந்தது என்று வாதாடலாம்.

கம்பெனிகள் கோட்டைவிடுகிற இடம் 15 நாள். பதிவான சிறு தொழிலான பட்டறைக்கு, 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வேலை முடிந்து வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் போகலைன்னா ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. மூணு மாசம் கழித்து டெபிட் நோட் (நஷ்டத்தைக் கழிக்கிற சீட்டு) போட்டு கூலியை நிறுத்தினால், பட்டறைக்காரர் பெசிலிடேஷன் கவுன்சிலுக்கு (அந்தச் சட்டப்படி பாக்கித் தகராறைத் தீர்க்கும் அமைப்பு) போவார். வட்டி ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி.

டிசியில் துணி மதிப்பைப் பேருக்குப் போடுவதும் தப்பு. கிலோ 150 என்று எழுதிவிட்டு 320க்கு கிளெய்ம் கேட்டால் உங்க தாளே உங்களுக்கு எதிர்சாட்சி.

சாயத்தொட்டி:
பதினஞ்சு நாள் விஷயம் சரிங்க. ஆனா கூலியோட நிறுத்தறது அநியாயம்னா, எல்லையே வேண்டாம்ங்கறதும் அநியாயந்தான். கிரே மதிப்பும் அந்த லாட்டோட கூலியும் வரை, அதுக்கு மேல இல்லைன்னு வருஷ ஆரம்பத்துல ஒரு தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். அதுக்கு மேல ஒரு ரூபாய்கூட ஒத்துக்க மாட்டேன்.

நொய்யல்கரை:
கிரே மதிப்பு வரை என்றால் பேசலாம், ஆனா ரெண்டு விலக்கு வேணும். கேட்காமல் வேற பட்டறைக்கு அனுப்பிச் சாயம் போட்டால் எல்லை கிடையாது. ஒப்படைத்த நிபந்தனையை மீறின உபயோகத்துக்கு 154 அப்படித்தான் சொல்லுது. பழைய பாக்கிக்காக இன்னொரு லாட்டைப் பிடித்துவைக்கிறதும் கூடாது. 170ஆம் பிரிவு தருகிற பிடித்துவைக்கும் உரிமை வேலை செய்த அந்தத் துணியின் மேல், அந்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான்.

சாயத்தொட்டி:
முதல் விலக்கு சரி. ரெண்டாவது முடியாதுங்க. பாக்கியை வசூல் பண்ண எங்களுக்கு வேற பிடிமானம் இல்லை. ஒப்பந்தத்துல எழுதினா எல்லா லாட்டையும் நிறுத்தலாம், எழுதத்தான் போறேன்.

ஊத்துக்குளி ரோடு:
எழுதினால் செல்லும், எழுதாமல் செய்தால் செல்லாது. எந்த எல்லை போட்டாலும் பட்டறையின் தீ பாலிசியில் "பிறர் ஒப்படைத்த சரக்கு" என்று தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டடத்துக்கும் மெஷினுக்கும் கிளெய்ம் வரும், கிடங்கில் எரிந்த வாடிக்கையாளர் துணிக்கு வராது. சேர்த்திருந்தாலும் 80 லட்சம் சரக்கு இருக்கும் கிடங்குக்கு 40 லட்சம் போட்டிருந்தால், பாதிக்குத்தான் காப்பீடு என்பதால் 10 லட்சம் நஷ்டத்துக்கு 5 லட்சம்தான் கைக்கு வரும்.