லைன் சூப்பர்வைசர்கள் நோட்டை விட மறுக்கிறார்கள், எப்படி மாற்றுவது?

பனியன்_புரொடக்‌ஷன்:
திருப்பூரில் ஒரு ஏற்றுமதி யூனிட்டில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். தையல் லைன்களில் மணிக்கு மணி எத்தனை பீஸ் முடிந்தது என்று டேப்லெட்டில் பதியச் சொல்லியிருக்கிறோம். பயிற்சி கொடுத்தாயிற்று, முதலாளியும் கூட்டம் போட்டுப் பேசிவிட்டார். ஆனாலும் சூப்பர்வைசர்கள் நோட்டில்தான் எழுதுகிறார்கள். சாயங்காலம் மொத்தமாக டேப்லெட்டில் ஏற்றுகிறார்கள். எல்லா மணிக்கும் ஏறக்குறைய ஒரே எண். அனுபவசாலிகள், அவர்களை இழக்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

மில்_கோவை:
நோட்டுக்குக் கடைசித் தேதி குறித்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் பழையதுதான் நிற்கும்.

ஐஇ_அக்கா:
தேதி குறிப்பது சரி, ஆனால் அது அடுத்த வேலை. முதலில் அந்த நோட்டை வாங்கிப் படியுங்கள் தம்பி. நான் பல யூனிட்டுகளில் ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், அதாவது வேலை முறையையும் நேரத்தையும் அளந்து சீராக்கும்) வேலை பார்த்தவள். அதில் எண்ணிக்கை மட்டும் இருக்காது. கட்டிங்கிலிருந்து பண்டல் எப்போது வந்தது, எந்த ஓவர்லாக் மிஷின் மக்கர் செய்தது, எந்த டெய்லர் லீவு, எல்லாம் இருக்கும். பீஸ் குறைந்தால் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல சூப்பர்வைசருக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். டேப்லெட்டில் எண்ணுக்கு மட்டும் இடம், காரணத்துக்கு இடமில்லை என்றால், திட்டு வாங்குவதற்காகவா அவர் உடனுக்குடன் பதிவார்?

ஆள் அதேதான், நடத்தும் முறைதான் வேறு என்பதற்கு ஒரு உதாரணம். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1982இல் ஒரு கார் ஆலையை மூடியது. தரம் மோசம், வேலைக்கு வராதவர்கள் ஏராளம். 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தபோது, வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை, அதே தொழிற்சங்கத்தோடு. சீக்கிரமே தரம் ஜிஎம்மின் மற்ற ஆலைகளைத் தாண்டியது. அங்கே பிரச்சினை என்றால் தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் உதவிக்கு ஓடி வருவார், தேவைப்பட்டால் லைனே நிற்கும். பலரை ஜப்பானுக்கு அனுப்பி இதை நேரில் பார்க்க வைத்தார்கள். பிறகு ஜிஎம்மின் வான் நைஸ் ஆலையிலும் இதே முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஆனால் மேலாளர்களின் போக்கு மாறவில்லை, அதனால் அங்கே அது பலிக்கவில்லை.

ஒரே ஒரு லைனில் ஆரம்பியுங்கள். எண் குறைந்ததாகப் பதிந்தால் கால் மணி நேரத்துக்குள் மெக்கானிக்கோ கட்டிங் ஆளோ அங்கே வந்து நிற்க வேண்டும். ஒருவருக்கு அப்படி உதவி கிடைத்தால், அடுத்த லைன்காரர் தானாகவே டேப்லெட் கேட்பார்.

பனியன்_புரொடக்‌ஷன்:
நன்றி அக்கா. காரணம் எழுத உண்மையிலேயே இடமில்லை, சேர்க்கச் சொல்கிறேன். ஒரு சிக்கல்: காரணம் எழுதினால் பாதிப் பழி கட்டிங் மேல் போகும். கட்டிங் மாஸ்டர் முதலாளிக்குச் சொந்தக்காரர்.

ஐஇ_அக்கா:
அப்படியென்றால் காரணங்களின் பட்டியலை அவரும் சூப்பர்வைசர்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். இந்த எண்ணை வைத்து முதல் மாதம் யாரையும் கேள்வி கேட்க மாட்டேன் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அவர் தயங்கினால் டேப்லெட்டைத் தள்ளிப் போடுங்கள், முதலில் அவரிடம் பேசுங்கள்.