முதல் பதிப்பா, பிறகு வந்ததா?

நண்பர்களே, ஒரு சந்தேகம். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கில இசைக்குழுவின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ எல்பி இசைத்தட்டு பழைய இசைத்தட்டுக் கடையில் கிடைத்தது. 1969-இல் ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. அதில் பாடிய சாண்டி டென்னியின் குரலுக்காகவே தேடிக்கொண்டிருந்தேன். முதல் பதிப்பு என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால், தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளின் ஓரம் மட்டும் இளஞ்சிவப்பு, நடுவில் ஒரு மரம் (பனையோ தென்னையோ). முதல் பதிப்பென்றால் லேபிள் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், இல்லையா? ஆனால் அட்டை நன்றாகப் பழையதாகத்தான் தெரிகிறது. பிற்காலத் தட்டைப் பழைய அட்டைக்குள் செருகிவிட்டார்களோ? அப்புறம், எந்தப் பதிப்பென்று கண்டுபிடிக்க, கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில் பொடியாகக் கீறியிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது? சாய்த்து டார்ச் அடித்தும் பாதிதான் தெரிகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கச் சனிக்கிழமை வரைதான் கெடு.