தலைமைத் தணிக்கையாளர் இருக்கும்போது தனியாக ஒரு நிதி மன்றம் எதற்கு?

கேள்வி: மயூர்விகார் வாசகர்

தில்லித் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். பிப்ரவரி பிறந்து பட்ஜெட் வந்துவிட்டால், எங்கள் குடியிருப்பில் மாலைப் பேச்சு முழுவதும் நிதிப் பற்றாக்குறையைச் சுற்றியே நடக்கிறது. அங்கே எழுந்து, விடை கிடைக்காமல் நிற்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

பிரிட்டனில் 2010 முதல் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் என்ற தன்னாட்சி அமைப்பு இயங்குகிறது. இத்தகைய அமைப்பைப் பொதுவாக நிதி மன்றம் என்பார்கள். வரி எவ்வளவு வரும், கடன் எவ்வளவு ஏறும் என்ற அதிகாரபூர்வக் கணிப்பை அங்கே நிதி அமைச்சகம் செய்வதில்லை. இந்த அமைப்பே செய்து வெளியிடுகிறது. 2022 செப்டம்பரில் புதிய அரசு அந்தக் கணிப்பை வெளியிடாமலேயே பெரும் வரிக் குறைப்பை அறிவித்தபோது, அரசுக் கடன் பத்திரங்களின் விலை சரிந்து, பேங்க் ஆஃப் இங்கிலாந்து அவற்றை வாங்கி நிலைமையைத் தாங்கிப் பிடிக்க நேர்ந்தது. நம் நாட்டிலோ வருவாயைக் கணிப்பதும், அதன் அடிப்படையில் செலவைத் திட்டமிடுவதும், இலக்கு தவறினால் காரணம் சொல்வதும் ஒரே அமைச்சகம்தான். நமக்குத்தான் அரசியல் சட்டப் பாதுகாப்புடன் சிஏஜி என்ற தலைமைத் தணிக்கையாளர் இருக்கிறாரே, இந்தப் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தால் என்ன? செலவு முடிந்து ஆண்டுகள் கழித்து வரும் அறிக்கையால் யாருக்குப் பயன் என்றும் சிலர் கேட்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய தணிக்கையர்

ஐயா, தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தணிக்கை என்றால் செய்தித்தாளில் வரும் லட்சம் கோடி இழப்புக் கணக்கு மட்டுமே என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது.

ஒரு தணிக்கைக் குழு அலுவலகம் ஒன்றுக்குச் சென்றால் கோப்புகளையும் வவுச்சர்களையும் கேட்டு வாங்கி உட்காரும். ஐயம் எழுந்தால், நெடுக்காக மடித்த தாளின் ஒரு பாதியில் கேள்வியை எழுதிக் கொடுப்பார்கள். மறுபாதியில் அலுவலகம் பதில் எழுத வேண்டும். ஹாஃப் மார்ஜின் என்று துறையில் சொல்வது இதைத்தான். மானியம் முழுவதும் செலவாகிவிட்டது என்று மார்ச் 31 தேதியிட்டுப் பயன்பாட்டுச் சான்றிதழ் கோப்பில் இருக்கும். அலுவலரையும் அழைத்துக்கொண்டு இடத்துக்கு நேரில் போனால் அடித்தளம் மட்டும் எழும்பியிருக்கும். படம் எடுத்து, அலுவலரின் கையொப்பமும் பெற்று, அதைச் சான்றாக வைப்போம். அந்தப் பாதித் தாள் ஆய்வறிக்கையாகி, சிஏஜி அறிக்கைக்கான வரைவுப் பத்தியாகித் துறைச் செயலரின் பதிலுக்குப் போகும். அதற்கு ஆறு வாரம் தருவார்கள். அதன் பிறகும் தேறி நிற்பதே அச்சேறுகிறது. பெரும்பாலான குறைகள் அச்சுக்கு வரும் முன்பே, பணம் திரும்பச் செலுத்தப்பட்டோ நடைமுறை திருத்தப்பட்டோ முடிந்துவிடுகின்றன. ஆகவே பயனில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வேலையை அச்சமின்றிச் செய்வதற்காகவே அரசியல் சட்டத்தின் 148ஆம் பிரிவு அவருக்கு அரண் அமைத்திருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் அன்றி அவரை நீக்க இயலாது. அவரது ஊதியமும் அலுவலக நிர்வாகச் செலவும், அரசின் வருவாயும் கடனும் சேரும் தொகுநிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்படுவதால் நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு உட்படுவதில்லை. பதவி முடிந்த பின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கவும் அவருக்குத் தகுதியில்லை. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், இந்தப் பதவியை அரசியல் சட்டத்திலேயே மிக முக்கியமானதாகக் கருதிப் பேசினார்.

இனி முதல் கேள்வி. கணிப்பையும் அவரிடமே கொடுத்தால், மறு ஆண்டு அந்தக் கணிப்பின் மேல் நடந்த வரவு செலவை அவரே தணிக்கை செய்ய வேண்டி வரும். தாம் கணித்துக் கொடுத்த எண்ணில் தாமே குறை காணும் நிலையில் எந்தத் தணிக்கையாளரையும் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2: பொருளியல் மாணவி

பெரியவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பின்னால் வரும் தணிக்கை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், முன்கூட்டிய கணிப்பின் இடத்தை அது நிரப்பாது என்பதற்கு உணவு மானியமே சான்று. இந்திய உணவுக் கழகத்துக்கு அரசு தர வேண்டிய மானியத்தின் ஒரு பகுதியைத் தராமல், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகமே கடன் வாங்கும்படி செய்தபோது, அந்தத் தொகை நிதிப் பற்றாக்குறையில் ஏறவில்லை. பற்றாக்குறைக்கு வரம்பு வைக்கும் நிதிப் பொறுப்புச் சட்டம் எவ்வாறு கடைப்பிடிக்கப்படுகிறது என்று 2016-17ஆம் ஆண்டுக்கு ஆராய்ந்த சிஏஜி அறிக்கை இதைத் தெளிவாகச் சுட்டிக்காட்டியது. ஆனால் அந்தக் கடன் பட்ஜெட்டுக்குள் கொண்டுவரப்பட்டது 2021 பிப்ரவரியில்தான். 2020-21ஆம் ஆண்டுக்கு முதலில் சுமார் 1.15 லட்சம் கோடி ரூபாயாக இருந்த உணவு மானியம், திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடியாக உயர்ந்தது. அதில் கொரோனா கால இலவச தானியத்தின் பங்கும் உண்டு என்றாலும், பழைய பாக்கியைத் தீர்த்ததும் பெரும் காரணம். பட்ஜெட் நாளன்றே இதை எடுத்துச் சொல்ல ஓர் அமைப்பு இருந்திருந்தால், அத்தனை ஆண்டுகள் நாடாளுமன்றம் குறைத்துக் காட்டப்பட்ட பற்றாக்குறையை வைத்து விவாதித்திருக்காது.

மத்திய, மாநில வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதி ஆணையங்களில் 13, 14, 15ஆவது ஆணையங்கள் மூன்றுமே இத்தகைய தன்னாட்சி அமைப்பைப் பரிந்துரைத்தன, நிதிப் பொறுப்புச் சட்டத்தை மறுஆய்வு செய்த என்.கே. சிங் தலைமையிலான குழுவும் 2017இல் நிதி மன்றம் வேண்டும் என்றது. இன்னும் அமையவில்லை. அமைந்தாலும் அதற்கான பணம் யார் கையில் இருக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். ஹங்கேரியில் தொடங்கிய நிதி மன்றம் அரசின் பட்ஜெட்டைக் குறை கூறியதும், 2010 இறுதியில் அதன் ஒதுக்கீட்டை வெட்டி ஊழியர் குழுவையே கலைத்துவிட்டார்கள். சிஏஜிக்கு இருப்பதுபோல் தொகுநிதிப் பாதுகாப்பு இல்லாத நிதி மன்றம் நமக்கு வேண்டாம்.

பதில் 3: இராமகிருஷ்ணபுரத்தான்

புதிய அமைப்பைப் பற்றிப் பேசும்போது, இருக்கும் அமைப்பின் குரல் சபைக்கு எட்டுகிறதா என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். நம் தில்லியிலேயே 14 தணிக்கை அறிக்கைகள் சட்டப்பேரவையில் வைக்கப்படாமல் கிடந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சிறப்புக் கூட்டம் கூட்ட உத்தரவிட மறுத்த நீதிமன்றம், தாமதத்தை மட்டும் கண்டித்தது. தேர்தலுக்குப் பின் 2025 பிப்ரவரியில்தான் அவை ஒவ்வொன்றாக அவைக்கு வரத் தொடங்கின. வாக்களிக்கும் முன் மக்கள் படித்திருக்க வேண்டியவை அவை.

மீண்டும்: மயூர்விகார் வாசகர்

மூவருக்கும் நன்றி. அறிக்கையை இத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு எதுவும் இல்லையா?

பதில்: பழைய தணிக்கையர்

151ஆம் பிரிவில் கெடு இல்லை, ஐயா. சிஏஜி தம் அறிக்கையைக் குடியரசுத் தலைவருக்கோ ஆளுநருக்கோ அனுப்ப வேண்டும், அவர்கள் அதை அவைமுன் வைக்கச் செய்ய வேண்டும் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. தில்லியில் துணைநிலை ஆளுநர் வழியாகப் போகிறது. அவையில் வைக்கப்படும் வரை அறிக்கை வெளியாகாது. தணிக்கை அறிக்கைகளை ஆராயும் அவைக் குழுவான பொதுக் கணக்குக் குழுவும் அதைக் கையில் எடுக்க முடியாது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த இடைவெளி ஆள்பவருக்கு வசதியாகவே இருந்து வந்திருக்கிறது. அறிக்கை கிடைத்த பின் கூடும் முதல் கூட்டத்தொடரிலேயே அதை அவையில் வைத்தாக வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். நானும் என் தொகுதி உறுப்பினருக்கு எழுதுகிறேன்.